மங்கிய ஒளியில் மோட்டார் கார்

பகல் வெளிச்சத்தில் மோட்டார் காரைப் படம் பிடிப்பவர் பெரும்பாலும் காரைத்தான் படம் பிடிக்கிறார். பொழுது சாய்ந்தபின் அதே காரின் முன் காமிராவை நிறுத்துகிறவரோ, அறிந்தோ அறியாமலோ, அந்தக் காரின் மேனியில் விழுந்து திரும்புகிற வானத்தையும் தெருவிளக்கையும் எதிர்ச்சுவரையுமே படம் பிடிக்கிறார். புதிதாகப் பழகுகிற அன்பர்கள் கேட்கும் கேள்விகள், எந்தக் காமிரா வாங்கலாம், ஐ.எஸ்.ஓ. எவ்வளவு வைக்கலாம், எந்த லென்ஸ் உத்தமம் என்ற வகையைச் சேர்ந்தவையாகவே பெரும்பாலும் இருக்கின்றன. அவை அவசியமான கேள்விகளே என்றாலும், கார் என்பது பல வளைவுகளாகச் செய்யப்பட்ட ஒரு கண்ணாடி என்பதைத் தம் கண்ணால் கண்டுகொள்ளாதவருக்கு, அவற்றுக்குக் கிடைக்கும் விடைகளால் விளையும் பிரயோஜனம் சொற்பமே. ஆகையால் இந்த அத்தியாயத்தில் உபகரணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு பிரதிபிம்பத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

மரப்பட்டை, பருத்தித் துணி, மனிதருடைய முகம் ஆகியவை தம்மேல் விழும் ஒளியை நாலா திசைகளிலும் சிதற விடுவதால், விளக்கு எங்கே இருந்தாலும் அவை ஓரளவு நம் கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகின்றன. காரின் தகடு அத்தகையதன்று. நிறப்பூச்சின்மேல் தெளிவான மெருகுப்பூச்சு ஒன்று படிந்திருப்பதால், ஒளி எந்தக் கோணத்தில் வந்து படுகிறதோ அதே கோணத்தில் மறுபக்கம் சென்றுவிடுகிறது. அந்தப் பாதையில் காமிரா இருந்தால் அவ்விடம் பிரகாசிக்கும். இல்லாவிட்டால், பக்கத்திலேயே நல்ல விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும், அவ்விடம் இருண்டே கிடக்கும். காமிராவின் தலையில் உள்ள ஃபிளாஷைத் தட்டி இருட்டில் காரைப் படம் எடுத்தவர்கள், நம்பர் பிளேட்டு மட்டும் வெள்ளை வெளேரென்று எரிய, பானெட்டும் கதவுகளும் கரிய நிழலாக அமிழ்ந்து போயிருப்பதைக் கண்டிருப்பார்கள். வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்பும் தன்மையுள்ள தாளினால் நம்பர் பிளேட்டு செய்யப்பட்டிருப்பதும், பானெட்டோ வந்த ஒளியை வேறெங்கோ அனுப்பிவிடுவதுமே இதற்குக் காரணம். ஃபிளாஷின் சக்தி போதாமையால் நேர்ந்தது என்று எண்ணி அதைவிடப் பெரிய ஃபிளாஷை வாங்குவதனால் இந்தக் குறை தீராது.

எனவே காமிராவைப் பையிலிருந்து எடுக்கும் முன்பு, காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். நின்றபடி ஒரு சுற்று, முழங்காலை மடித்துக் குனிந்தபடி மற்றொரு சுற்று. அப்படிச் சுற்றும்போது காரின் உருவத்தைப் பார்க்காமல், அதன்மேல் ஊர்ந்து செல்லும் வெளிச்சக் கோடுகளை மட்டும் பாருங்கள். நீங்கள் ஓரடி நகர்ந்தால் கதவின்மேல் கிடந்த விளக்கின் சாயலும் கூடவே நகரும். நீங்கள் குனிந்தால் பானெட்டின்மேல் வானம் மறைந்து எதிர்வீட்டு மாடி வந்து நிற்கும். காரின் பக்கவாட்டில், மேலே வானத்தின் பிரதிபிம்பமும் கீழே தரையின் பிரதிபிம்பமும் சந்திக்கிற எல்லைக்கோடு ஒன்று, வேட்டியின் கரைபோல, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடுவதைக் காண்பீர்கள். அந்தக் கோடு அறுபடாமல் நேராக ஓடும் இடத்தில் நின்று எடுத்த படம் எளிய காமிராவில் எடுத்ததாக இருந்தாலும் கண்ணியமாக இருக்கும். அந்தக் கோட்டினூடே எதிரே நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர்களும் பெட்டிக்கடையின் குழல்விளக்கும் விளம்பரப் பலகையும் சிதறிக் கிடந்தால், எத்தனை விலையுயர்ந்த காமிராவாலும் அந்தக் கலக்கத்தை நீக்க முடியாது. ஸ்டூடியோவில் கார்களைப் படம் பிடிக்கிறவர்கள் காரைவிடப் பெரிய வெண்திரை விளக்கை அதன் தலைக்குமேல் தொங்கவிடுவதும் இந்த ஒரு கோட்டைத் தூய்மையாகப் பெறுவதற்காகவே. நமக்கு அந்த விளக்கை அந்திவானம் இலவசமாகத் தருகிறது.

காருக்குக் கார் இந்தக் கண்ணாடியின் சுபாவம் மாறும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். அதன் மட்கார்டுகளும் கூரையும் உருண்டு திரண்டவை. உருண்ட பரப்பு தன்னைச் சுற்றியுள்ள விசாலமான உலகத்தையெல்லாம் சுருக்கி ஒரு விரலகலக் கோட்டுக்குள் அடக்கிவிடும். அதனால் அம்பாசடரின்மேல் ஒரே ஒரு தெருவிளக்குகூட அழகான சிறு பொட்டாக விழும். சுற்றுப்புறத்தின் குப்பையும் சுருங்கிவிடுவதால் அவ்வளவாக உறுத்தாது. இன்றைய கார்களின் கதவுகளோ அகன்று, தட்டையாகி, நடுவே கூர்மையான மடிப்புக்களோடு வருகின்றன. தட்டையான பரப்பு எதிரில் உள்ளதை உள்ளபடியே காட்டிவிடும். ஆகவே பழைய காரைக் கடைத்தெருவில் நிறுத்திப் படம் எடுக்கலாம். புதிய காருக்கு வெட்டவெளி வேண்டும். பழைய கார்களின் வளைவுகளைப் பொறுமையாகப் பார்த்துப் பழக விரும்புவோர், கோயம்புத்தூர் அவினாசி சாலையில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையினர் நடத்தும் கார் காட்சிசாலைக்கு ஒருமுறை சென்று, படம் எடுக்கும் எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கூரை விளக்குகள் ஒவ்வொரு பானெட்டிலும் எவ்வெவ்வாறு நெளிகின்றன என்பதை மட்டும் கவனித்து வந்தால், அந்தப் பகற்பொழுது வீண்போகாது.

இனி வேளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்கிய ஒளி என்றவுடன் பலர் நள்ளிரவை நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாகப் பழகுபவருக்கு நள்ளிரவு உகந்ததன்று. சூரியன் மறைந்தபின் வானத்தில் இன்னும் நீலம் தங்கியிருக்கும் சந்தியாகாலமே உகந்தது. வானமே பெரிய, மிருதுவான விளக்காகக் கார்மேல் கவிந்திருக்க, தெருவிளக்கும் காரின் விளக்குகளும் அதற்குச் சமமான பிரகாசத்தோடு துலங்குவது அந்தச் சிறுபொழுதில்தான். மேல்நாட்டு நூல்கள் இந்த நீலப் பொழுதைச் சாவகாசமாக அனுபவிக்கச் சொல்கின்றன. ஜூன் மாதத்து லண்டனில் சூரியாஸ்தமனத்துக்குப் பின் முக்கால் மணி நேரம் நல்ல வெளிச்சம் நீடிப்பதால் அவ்வாறு எழுத அவர்களுக்கு நியாயம் உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கோ சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே அடிவானத்தில் இறங்கிவிடுகிறது. சென்னையில் அஸ்தமனத்துக்குப் பின் 20 முதல் 25 நிமிஷங்களுக்குள் அந்தப் பொழுது கடந்துவிடும். மேகமற்ற மாலையில், அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒளி ஏறக்குறைய மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. அஸ்தமனத்துக்கு அரைமணி முன்பே காரைத் துடைத்து, இடம் பார்த்து நிறுத்தி, ட்ரைபாடை ஊன்றி, கோணத்தை நிச்சயித்துக்கொண்டு காத்திருக்கிறவருக்கே அந்தப் பொழுது பயன்படும். சூரியன் மறைவதைப் பார்த்தபின் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவருக்கு அது கிடைக்காது.

கிழக்குக் கடற்கரையில் வாழ்வோருக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. அதை யாரும் எடுத்துச் சொல்லாதது எனக்கு ஆச்சரியமே. நம் கரையில் சூரியன் ஊருக்குப் பின்னால் மறைகிறது. கடலுக்கு இணையாகக் காரை நிறுத்தினால், அதன் ஊர்ப்பக்கக் கதவுகள் செந்நிற மேற்குவானத்தை வாங்கிக்கொண்டு தகதகக்கும். கடற்பக்கக் கதவுகளோ, மேலே இளஞ்சிவப்பும் கீழே சாம்பல் கலந்த நீலமுமாகக் கிழக்கில் எழும்புகிற மங்கிய வானத்தை வாங்கிக்கொண்டு அடங்கிய சாந்தத்தோடு தோன்றும். ஒரே காரில் ஒரே வேளையில் இரண்டு வேறு படங்கள் நமக்குக் கிடைக்கின்றன. கடற்பக்கத்தில் கட்டிடமோ கம்பமோ இல்லாததால், நான் முன்பு சொன்ன எல்லைக்கோடு அங்கே மிகத் தூய்மையாக ஓடும். கடற்கரைச் சாலைகளில் மாலைக் கூட்டம் தடையாக இருக்குமானால், இதையே விடியற்காலையில் தலைகீழாகச் செய்யலாம்; சூரியோதயத்துக்கு அரைமணி முன்பு கடல் பக்கம் ஒளி பெருகத் தொடங்கும், சாலையும் வெறிச்சென்று இருக்கும். மாலையில் ஒளி குறைந்துகொண்டே போவதைத் துரத்த வேண்டியிருக்க, காலையில் அது கூடிக்கொண்டே வருவதால், புதியவருக்குக் காலையே நிதானம் தரும் என்பது என் அபிப்பிராயம்.

உபகரணத்தில் முதலிடம் ட்ரைபாடுக்கே. காமிரா எதுவாயினும் ஆகட்டும். கையிருப்பில் பணம் குறைவாக இருந்தால் லென்ஸில் சிக்கனம் செய்யுங்கள், ட்ரைபாடில் செய்ய வேண்டாம். இதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓரளவு விளக்கு வெளிச்சமுள்ள தெருவில், ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 2 விநாடி என்று வைத்தால் சரியான எக்ஸ்போஷர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரைபாடு இல்லாமல் கையில் பிடித்து எடுக்க வேண்டுமானால் ஷட்டரை 1/30 விநாடியளவுக்காவது விரைவாக்க வேண்டும். அதற்கு அபெர்ச்சரை எஃப்/4 ஆகத் திறந்து, ஐ.எஸ்.ஓ.வையும் 1600-க்கு உயர்த்தினால்தான் பழைய வெளிச்சம் ஈடாகும். வெளிச்சம் ஈடாகிவிட்டது, ஆனால் எஃப்/8-இல் முன் பம்பர் தொடங்கிப் பின்கதவுவரை துலக்கமாக இருந்த கார், எஃப்/4-இல் முன்விளக்கு மட்டும் துலங்கி மற்றவை மசமசத்துப் போகக்கூடும், ஐ.எஸ்.ஓ. கூடியதனால் கரும்பூச்சின் வழவழப்பான பரப்பில் பொடிப்பொடியாக மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். மரத்தின் இலையிலும் கருங்கல் சுவரிலும் அந்தப் புள்ளிகள் மறைந்துவிடும். மெருகேறிய தகட்டில் அவற்றுக்கு மறைவிடமே இல்லை. கார்ப் படத்துக்கு ட்ரைபாடு ஏனைய படங்களைவிட அதிக அவசியமாவது இதனாலேயே.

ட்ரைபாடின்மேல் காமிராவை வைத்துவிட்டு விரலால் பட்டனை அழுத்தினால் அந்த அழுத்தமே படத்தை அசைத்துவிடும். இரண்டு விநாடி டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் அசைவு தடுக்கும் வசதி இருந்தால், ட்ரைபாடில் இருக்கும்வரை அதை அணைத்துவிடுவது பத்திரம்; சில லென்ஸ்களில் அது அசைவில்லாத இடத்தில் அசைவைத் தேடித் தானே அசையத் தொடங்கும். காரின் எஞ்சினையும் அணைத்துவிட வேண்டும். ஓடும் எஞ்சினின் நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நாலைந்து விநாடி எக்ஸ்போஷரில் காரின் விளிம்புகளை அது மழுக்கிவிடும். விளக்குகள் எரிய வேண்டுமானால் இக்னிஷன் சாவியை மட்டும் திருப்பி வைத்தால் போதும். பாட்டரி இறங்கிவிடாதபடி இடையிடையே எஞ்சினை ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் அவ்வாறு ஓட்டலாகாது, புகை உயிருக்கு ஆபத்து. மேம்பாலத்தின்மேல் நின்று எடுப்பவர்கள், பஸ்ஸும் லாரியும் கடக்கும்போது பாலமே அதிர்வதை உணர்ந்து, அவை போனபின் பட்டனை அழுத்த வேண்டும்.

நிற்குமிடமும் உயரமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்த கார் பொம்மையாகத் தோன்றும். ஹெட்லைட்டின் மட்டத்துக்குக் காமிராவை இறக்கினால் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். மிக அகன்ற லென்ஸைக் காருக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்து வால் சிறுத்துப் போகும். ஆதலால் 50 முதல் 85 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸோடு பின்னால் தள்ளி நிற்பதே முறை. முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும்படி மூலையிலிருந்து எடுக்கும்போது, ஸ்டியரிங்கைக் காமிராவுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தால், டயரின் பட்டைக்குப் பதில் சக்கரத்தின் முகம் நம்மை நோக்கித் திரும்பும்.

இருட்டில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும். வழவழப்பான கதவை நோக்கி அதை ஏவினால் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு ஓய்ந்துபோகும். அதற்குப் பற்றுக்கோடாக ஒரு விளிம்பு வேண்டும். ஹெட்லைட்டின் ஓரத்திலோ, காரின் பெயர் பொறித்த உலோக எழுத்திலோ டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, அங்கே ஃபோகஸ் செய்து, உடனே கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு மாற்றிவிட்டு, டார்ச்சை அணையுங்கள். கார் நகராத வரையில், ட்ரைபாடு நகராத வரையில், அந்த ஃபோகஸை மறுபடி தொட வேண்டியதில்லை. மூலையிலிருந்து எடுக்கும்போது நமக்கு அருகிலுள்ள ஹெட்லைட்டே ஃபோகஸுக்குரிய இடம்.

காமிராவின் ஒளிமானியை இரவில் முற்றிலும் நம்பலாகாது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிவிட வேண்டும் என்பது அதன் நியதி. கரிய வானமும் கரிய காரும் நிறைந்த காட்சியை அதனிடம் விட்டால், இரவை மேகமூட்டமான பகலாக்கிவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுக்க ஆரம்பியுங்கள். கறுப்புக் காருக்கு இன்னும் அரை ஸ்டாப் குறையலாம். வெள்ளைக் காரே சட்டத்தை நிறைத்து நிற்குமானால் குறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் திரையில் உள்ள ஹிஸ்டோகிராமைப் பார்த்து, விளக்குகளைத் தவிர வேறெதுவும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வானத்தின் ஒளி மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்றேன். அந்தக் கணக்குப்படி ஷட்டர் நேரத்தையும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும்.

காரின் விளக்குகளே படத்தின் உயிர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹெட்லைட்டை முழுநேரமும் எரியவிட்டால் முன்முகம் முழுவதும் வெண்மையில் கரைந்து, கிரில்லின் வடிவம்கூடத் தெரியாமல் போய்விடும். பார்க்கிங் விளக்கு மட்டும் எரிவது பெரும்பாலான படங்களுக்குப் போதும். ஹெட்லைட்டும் வேண்டும் என்போர், பத்து விநாடி எக்ஸ்போஷரில் ஒரே ஒரு விநாடி அதைப் போட்டு அணைத்தால், பத்தில் ஒரு பங்கு பிரகாசத்தோடு அது அடக்கமாகப் பதியும். உள்ளே இருந்து விசையைத் தட்ட நண்பர் ஒருவர் உதவினால் நல்லது. எஞ்சின் நின்றாலும் அணையாத பகல்விளக்குகளை உடைய புதிய கார்களில், கறுப்புத் துணியால் அவற்றை மூடி, இறுதி விநாடியில் மட்டும் துணியை விலக்கிவிடலாம். காருக்குள் இருக்கும் கூரைவிளக்கை எரியவிட்டால், கறுத்த கண்ணாடிகளுக்குப் பின்னே இருக்கைகள் இளஞ்சூட்டு நிறத்தில் துலங்கி, வண்டியில் யாரோ குடியிருப்பதுபோன்ற உணர்வை அளிக்கும். விளக்குகளைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் விரிய வேண்டுமானால் அபெர்ச்சரை எஃப்/11 அல்லது எஃப்/16-க்குச் சுருக்குங்கள். லென்ஸின் அபெர்ச்சர் தகடுகள் ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் கதிர்கள் அதன் இருமடங்காகவும், இரட்டைப்படையாக இருந்தால் அதே எண்ணிலும் தோன்றும்.

நிறத்தைப் பற்றிய ஒரு தொல்லையை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலக் கதிர்கள் மிகமிகச் சொற்பம். அதன் கீழ் நிறுத்திய நீலக் கார் கறுப்பாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒயிட் பாலன்ஸை எவ்வளவு திருப்பினாலும், விளக்கிலேயே இல்லாத நிறத்தைப் படத்தில் வரவழைக்க இயலாது. நீலமும் பச்சையும் ஆன கார்களை அந்த விளக்கின் கீழ் நிறுத்தாதீர்கள். வெள்ளை, வெள்ளி, கறுப்புக் கார்களுக்கு அதனால் பெரிய சேதம் இல்லை, சில வேளைகளில் பொன்னிறமே அழகாகவும் அமையும். இப்போது பரவலாகிவிட்ட எல்.இ.டி. தெருவிளக்குகளில் நிறம் சரியாக வரும். ஆனால் நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையதாகையால், அவற்றுள் பல விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் மிக விரைவாக இருந்தால் படத்தில் கருங்கோடுகள் விழக்கூடும். 1/50, 1/100 அல்லது அவற்றினும் நீண்ட நேரம் வைத்தால் அந்தக் கோடுகள் மறையும். எப்படியாயினும் ஜேபெக்காக எடுக்காமல் ரா ஃபைலாக எடுத்துவையுங்கள். இருவகை விளக்கும் கலந்த தெருவில் நிறத்தைப் பின்னால் நிதானமாகத் திருத்த அது ஒன்றே வழி.

இரவில் படம் எடுப்போருள் இருவகையினர் உண்டு. இருக்கிற வெளிச்சத்துக்காகக் காத்திருப்பவர் ஒரு வகை. 1930-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து இரவுகளைப் படம் பிடித்துப் புகழ்பெற்ற பிராஸாய் அந்த வகையின் தலைமணி. எக்ஸ்போஷர் நேரத்தை அவர் எரியும் சிகரெட்டைக்கொண்டு அளந்தார் என்று சொல்வதுண்டு. வேண்டிய வெளிச்சத்தைத் தாமே கொண்டுவருகிறவர் மற்றொரு வகை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், கார்களில் அமர்ந்தபடியே சினிமாப் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகையின் ஓரமாக நீராவி ரயில் ஒன்று கடந்து செல்வதை, 1956-இல் ஓ. வின்ஸ்டன் லிங்க் பல ஃபிளாஷ் பல்புகளை ஒரே கணத்தில் எரியவைத்துப் படம் பிடித்தார். வரிசை வரிசையாக நிற்கும் கார்களின் கூரைகள் அந்தப் படத்தில் மின்னுவதைப் பார்த்தவர், அவர் ஒவ்வொரு பல்பையும் எங்கே வைத்தார் என்று ஊகித்துப் பார்ப்பதே ஒரு பாடம். அத்தனை பல்புகளின் ஒளியில் வெளிறிப்போன சினிமாத் திரையில் ஓர் ஆகாயவிமானத்தின் படத்தை அவர் பின்னால் அச்சிடும்போது சேர்த்தார் என்பதையும் கூறிவிட வேண்டும். இரண்டு எக்ஸ்போஷர்களைச் சேர்த்து ஒரு படமாக்குவது கம்ப்யூட்டர் யுகத்தின் கண்டுபிடிப்பு அன்று.

லிங்கின் வழியில் செல்ல இன்று அவ்வளவு செலவில்லை. கையில் பிடிக்கும் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று போதும். தெருவிளக்கே எட்டாத இடத்தில் காரை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, ஷட்டர் 20 முதல் 30 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்தவுடன், குழல்விளக்கைக் காரின் கூரைக்குச் சற்று மேலாகப் பிடித்தபடி, காருக்குப் பின்புறமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிற்காமல், ஒரே வேகத்தில் நடந்து செல்லுங்கள். காரின் மேனியில் விழுவது விளக்கின் பிரதிபிம்பம் என்பதை மறக்கலாகாது: உங்கள் கை மேலும் கீழும் ஆடினால் காரின் தோளில் ஓடும் வெளிச்சக் கோடும் ஆடும், நடுவில் ஒரு கணம் தயங்கி நின்றால் அவ்விடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். கறுப்பு உடை அணிந்து நகர்ந்துகொண்டே இருப்பவரின் உருவம் படத்தில் பதிவதில்லை. விளக்கின் நேர்முகம் மட்டும் காமிராவை நோக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டுக்கு ஒரு படம், பானெட்டுக்கு ஒரு படம், சக்கரங்களுக்கு ஒரு படம் என்று தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சமான பகுதியை மட்டும் ஏற்கும் முறையில் கம்ப்யூட்டரில் அடுக்கினால், ஸ்டூடியோவில் எடுத்ததற்கு இணையான படம் கிடைக்கும். முதல் மாலையிலேயே கைகூடும் வித்தை அன்று இது. ஆனால் காரின் வளைவுகளை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் அப்பியாசம் வேறொன்றை நான் அறியேன்.

கண்ணாடியின்மேல் தேவையற்ற சாயல் விழுந்து உள்ளிருப்பதை மறைத்தால் போலரைசர் ஃபில்டர் உதவும். கண்ணாடியிலும் பூச்சிலும் ஏற்படும் சாயலை அது தணிக்கும். குரோமியப் பம்பரின் சாயல் அதற்குக் கட்டுப்படாது. ஒன்றரை அல்லது இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் ட்ரைபாடு இல்லாதவர்களுக்கு அது உதவாது. அதை அளவுக்கு மீறித் திருகிச் சாயல் முழுவதையும் துடைத்துவிட்டால் கார் களிமண்ணால் செய்ததுபோல் உயிரற்றுப் போகும்.

ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மாலைகளைத் தவறவிடாதீர்கள். காய்ந்த தார்ச்சாலை விளக்கொளியைக் குடித்துவிட்டுக் கறுத்துக் கிடக்கும். அதே சாலை நனைந்தவுடன் இரண்டாவது கண்ணாடியாகி, காரின் சிவப்பு டெயில் லைட்டையும் கடைகளின் வெளிச்சத்தையும் நீளக் கோடுகளாக விரித்துக் காட்டும். சினிமாக்காரர்கள் மழையில்லாத நாளிலும் லாரித் தண்ணீரைக் கொட்டிச் சாலையை நனைத்து இரவுக் காட்சிகளை எடுப்பது இதற்காகவே. காரின்மேல் படிந்திருக்கும் நீர்த்துளிகளைத் துடைக்க வேண்டிய அவசியமில்லை. தூசியை மட்டும் துடைத்திருக்க வேண்டும், பக்கவாட்டு வெளிச்சத்தில் தூசி பகலைவிட இரவில் அதிகமாகத் தெரியும். ஏர்கண்டிஷன் செய்த காரிலிருந்து காமிராவைச் சட்டென்று புழுக்கமான கடற்காற்றில் எடுத்தால் லென்ஸில் ஆவி படியும்; பையை மூடியபடியே வெளியில் கால்மணி நேரம் வைத்து, வெளிச்சூட்டுக்கு அதைப் பழக்கியபின் திறக்க வேண்டும்.

ஓடுகிற காரைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 1/60 விநாடியில் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. காமிராவையும் அதே வேகத்தில் கூடவே திருப்பினாலன்றி அது துலங்காது. நிற்கும் காரில் கை பழகியபின், நன்றாக வெளிச்சமுள்ள சாலையின் நடைபாதையில் நின்று, 1/30 விநாடியில் கூடவே திருப்பிப் பழகலாம். மற்றொரு காரின் ஜன்னலில் உடலை நீட்டிக்கொண்டு எடுப்பதைப் பொதுச்சாலையில் யாரும் செய்யலாகாது. எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. செல்போன் மட்டும் வைத்திருப்பவர்கள், போனைச் சிறு ஸ்டாண்டில் பொருத்தி, இரவு முறையில், இருமடங்கு உருப்பெருக்கத்தில், சற்றுத் தள்ளி நின்று எடுத்தால், இந்த அத்தியாயத்தில் சொன்னவற்றுள் பெரும்பகுதி அவர்களுக்கும் பலிக்கும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். இருட்டில் வரும் ஓட்டுநருக்கு ட்ரைபாடும் தெரியாது, கறுப்பு உடையில் குனிந்திருக்கும் மனிதரும் தெரியார். தனியார் இடமானால் காவலாளியிடம் முதலிலேயே சொல்லி அனுமதி பெறுங்கள். பிறருடைய காரானால் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, படத்தைப் பொதுவில் வெளியிடும்போது நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள்.

வீடு திரும்பிப் படங்களைத் திருத்தும்போது, நிழல்களையெல்லாம் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை எழும். கறுப்புக் காரில் மூன்றில் ஒரு பங்காவது கறுப்பாகவே இருக்க விடுங்கள். நீங்கள் தேடிப் பிடித்த வெளிச்சக் கோடு அந்தக் கறுப்பின்மேல்தான் துலங்கும். திருத்தும் வேலையை அன்றிரவே முடிக்கவும் வேண்டாம். இருண்ட அறையில் பிரகாசமான திரையைப் பார்க்கும் கண்ணுக்குப் படம் உள்ளதைவிட வெளிச்சமாகவே தோன்றும். மறுநாள் பகலில், திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துவைத்துப் பார்த்தால், பல படங்களுக்கு இன்னும் அரை ஸ்டாப் வெளிச்சம் கூட்ட வேண்டியிருப்பது தெரியவரும். காகிதத்தில் அச்சிடப்போவதானால் அதற்கு மேலும் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கலாம். அஞ்சலட்டை அளவில் ஒரு சோதனை அச்சு எடுத்து, ஜன்னலோரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் பெரிய அளவுக்குக் கொடுங்கள்.